நானும் நாமும்: சேர்ந்திசையில் திருவாசகம் – ஹோல்ஸ்டின் ரிக் வேதப் பாடல்களோடு ஓர் ஒப்பீட்டு மதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

அரியலூர் மாவட்டம் கங்கைகொண்ட சோழபுரத்தில் 2025 சூலை 27 அன்று இளையராஜா குழுவினர் திருவாசகப் பாடல்களைச் சேர்ந்திசையாகவும் பல்லிய இசையாகவும் வழங்கினர். 2005இல் வெளியான அவருடைய திருவாசக இசைப்படைப்பின் தொடர்ச்சியாக அமைந்த இந்நிகழ்வு, தமிழ் இசைத் திறனாய்வு இதுவரை விரிவாக எதிர்கொள்ளாத வினா ஒன்றை முன்வைக்கிறது. தன்மை ஒருமையில் எழுந்த பக்திப் பாடலைப் பலகுரலில் பாடும்போது அப்பாடலின் ‘நான்’ என்னவாகிறது என்பதே அவ்வினா. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குஸ்தாவ் ஹோல்ஸ்ட் ரிக் வேதப் பாடல்களுக்கு அமைத்த சேர்ந்திசையோடு ஒப்பிட்டு இக்கட்டுரை இதனை ஆராய்கிறது. பாடலின் இட இலக்கணமே சேர்ந்திசையின் பொருத்தத்தை அளக்கும் முதல் அளவுகோல் என்பது இதன் கருதுகோள்.

குறிச்சொற்கள்: திருவாசகம், சேர்ந்திசை, பல்லியம், இளையராஜா, ஹோல்ஸ்ட், தன்மை ஒருமை, தன்மைப் பன்மை.

முன்னுரை

முதலாம் இராசேந்திரனின் பிறந்த நாளை ஒட்டிய ஆடித் திருவாதிரை விழா 2025இல் கங்கைகொண்ட சோழபுரத்தில் நடைபெற்றது. அதன் நிறைவு நாளில், பிரதமர் முன்னிலையில் திருவாசகம் இசைக்கப்பட்டது. பெருநகரச் சபா அரங்குகளுக்கே உரியதாகக் கருதப்பட்டுவந்த பல்லிய இசை, ஆலத்தியூர், செந்துறை, செயங்கொண்டம் எனப் பரந்து கிடக்கும் அரியலூர் வட்டாரத்தின் நடுவே, ஒரு சோழர் கோயிலின் முன் ஒலித்தது. அதே ஆண்டு மார்ச் 8 அன்று இலண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு இளையராஜாவின் ‘வேலியண்ட்’ சிம்பொனியை இசைத்திருந்தது. இவ்விரு நிகழ்வுகளும் ஊடகங்களில் பெருமிதத்தோடு பேசப்பட்டன. பெருமிதம் இயல்பானது, எனினும் அது திறனாய்வு ஆகாது.

திருவாசகத்தைப் பல்லியத்தில் அமைத்ததைப் பற்றிப் பொதுவாக இருவகைக் கருத்துகள் நிலவுகின்றன. தமிழின் பக்திப் பனுவல் உலக அரங்கை எட்டியது என்பது ஒன்று. ஓதுவார் மரபில் மோகனத்தில் பாடப்பட்டு வரும் பாடலுக்கு மேலை ஒத்திசைவு அயலானது என்பது மற்றொன்று. முன்னது இசையைக் கேளாமலே பாராட்டுகிறது. பின்னது கேளாமலே மறுக்கிறது. இரண்டும் பனுவலை நெருங்கவில்லை. மணிவாசகரின் சொற்களில் எவை பலகுரலை வேண்டுகின்றன, எவை மறுக்கின்றன என்ற வினாவைப் பனுவலிடமே கேட்க வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்: இரு திசைகள்

இவ்வினாவிற்கு ஒப்புமை தேடுவோர் 1908 முதல் 1912 வரையிலான ஆண்டுகளுக்குச் செல்லவேண்டும். ஆங்கில இசையமைப்பாளர் குஸ்தாவ் ஹோல்ஸ்ட் (1874–1934) மேபல் போட் என்ற அறிஞரிடம் சமற்கிருதத்தின் அடிப்படைகளைக் கற்று, ரிக் வேதப் பாடல்களைத் தாமே ஆங்கிலத்தில் ஆக்கி, ‘ரிக் வேதச் சேர்ந்திசைப் பாடல்கள்’ என்னும் வரிசையை இவ்வாண்டுகளில் அமைத்தார். நான்கு தொகுதிகளில் 14 பாடல்கள் உள்ளன. முதல் தொகுதி கலப்புக் குரல்களுக்கும் பல்லியத்திற்கும், இரண்டாவது பெண்குரல்களுக்கும் பல்லியத்திற்கும், மூன்றாவது பெண்குரல்களுக்கும் யாழினக் கருவியான ஹார்ப்புக்கும், நான்காவது ஆண்குரல்களுக்கும் நரம்பு, ஊதுகருவிகளுக்கும் உரியன. இந்திய இராகங்களைப் போலச் செய்ய அவர் முயலவில்லை. ஐந்து, ஏழு என ஒற்றைப்படை எண்ணிக்கையில் வரும் அளவுகளையும் சிக்கனமான ஒலியமைப்பையும் கையாண்டார்.

அதே காலத்தில் தமிழகத்தில் எதிர்த்திசைப் பயணம் ஒன்று நிகழ்ந்தது. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் (1859–1919) 1912இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவி இசை மாநாடுகளைக் கூட்டினார். அவருடைய ‘கருணாமிர்த சாகரம்’ 1917இல் வெளிவந்தது. மேலையிசையையும் அறிந்திருந்த அவர் எழுப்பிய தலையாய வினா சுருதிகளின் எண்ணிக்கையையும் பழந்தமிழ்ப் பண்களின் அடிப்படையையும் பற்றியது. அதற்கு முன்பே ஏ. எம். சின்னசாமி முதலியார் தியாகராசரின் கீர்த்தனைகளை மேலைக் கோட்டுக் குறியீட்டில் பதிவுசெய்யத் தொடங்கியிருந்தார். அவ்வாறு பதிவானதும் தனிக்குரலின் இசையே.

மேலைநாடு தமிழிசையை அறிந்ததும் தனிக்குரலாகத்தான். 1912ஐ ஒட்டி இந்தியாவில் பயணம் செய்த பிரெஞ்சு இசையமைப்பாளர் மொரீஸ் தெலாழ், கோயம்புத்தூர் தாயியின் இசைத்தட்டை அடியொற்றி ‘ராகமாலிகா’ என்னும் படைப்பை ஆக்கினார். அதுவும் தனிக்குரலுக்கு உரியதே. தமிழ்நாட்டுக் கச்சேரி மேடை அரியக்குடி இராமானுச ஐயங்காரின் காலத்தில் பெற்ற வடிவமும் ஒரு பாடகரை நடுவில் வைத்துப் பக்கவாத்தியங்களைச் சூழ அமர்த்துவதாகவே இருந்தது. 1940களில் வலுப்பெற்ற தமிழிசை இயக்கம் ‘எம்மொழியில் பாடுவது’ என்று கேட்டது. ‘எத்தனை குரலில் பாடுவது’ என்பது அதன் வினாவாக இருக்கவில்லை. பலகுரல் ஒத்திசைவு தேவாலயங்களின் பாமாலைகளிலும், பின்னாளில் எம். பி. சீனிவாசனின் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழு போன்ற முயற்சிகளிலும் மட்டும் வளர்ந்தது. ஆகவே திருவாசகம் பல்லியத்தோடு ஒலித்தபோது அதை மதிப்பிடுவதற்கான கலைச்சொல் வளம் தமிழ்த் திறனாய்விடம் போதிய அளவில் இல்லை.

கூட்டிசை அயலானதா?

கூட்டமாகப் பாடுவது தமிழுக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில் எழுவர் மகளிர் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழு சுரங்களின் பெயர் பெற்று வட்டமாக நிற்கின்றனர். ஒவ்வொருத்திக்கும் ஒரு நிலை, ஒரு பெயர், ஒரு பங்கு உண்டு. அரங்கேற்று காதையில் குழலும் யாழும் தண்ணுமையும் முழவும் ஆமந்திரிகையும் ஒன்றன் வழி ஒன்றாக இணையும் வரிசை சொல்லப்படுகிறது. இது பல்லியம் பற்றிய தமிழ்ச் சிந்தனையின் தொன்மையான சான்று.

கங்கைகொண்ட சோழபுரத்தைப் பொறுத்தவரை மற்றொரு சான்று இன்னும் நெருக்கமானது. இராசேந்திரனின் தந்தை முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்ய 48 பிடாரர்களையும், உடுக்கை வாசிக்க ஒருவரையும், கொட்டி மத்தளம் வாசிக்க ஒருவரையும் அமர்த்தியதைக் கல்வெட்டு தெரிவிக்கிறது. ஐம்பதின்மர் கொண்ட இசைப்பணி ஒன்று பதினொன்றாம் நூற்றாண்டிலேயே நெல் வருவாயோடு நிறுவப்பட்டிருந்தது. எனவே சேர்ந்திசையை அயலானது என ஒதுக்குவோர் எண்ணிக்கையை வைத்து வாதிட இயலாது. வேறுபாடு குரல்களின் எண்ணிக்கையில் இல்லை; அக்குரல்கள் தமக்குள் கொள்ளும் உறவில் இருக்கிறது.

இங்கு இருவகைக் கூட்டிசைகளைப் பிரித்தறிதல் வேண்டும். அனைவரும் ஒரே மெட்டை ஒரே நேரத்தில் பாடுவது ஒருமெட்டுக் கூட்டிசை. வெவ்வேறு மெட்டுகள் ஒருசேர ஒலித்து ஒன்றையொன்று தாங்குவது பல்குரல் ஒத்திசைவு. இன்று ஊர்கள்தோறும் நடைபெறும் திருவாசக முற்றோதல் முதல் வகையைச் சேர்ந்தது. அங்கு நூற்றுக்கணக்கானோர் மணிவாசகரின் ‘நான்’ என்பதை ஒருங்கே சொல்கின்றனர். அதனால் அந்த ‘நான்’ குலைவதில்லை. ஒவ்வொருவரும் அதைத் தம்முடையதாகவே சொல்வதால் ‘நான்’ பெருகுகிறதே தவிரப் பிளவுபடுவதில்லை. பல்குரல் ஒத்திசைவில் நிலைமை வேறு. ஒரே தன்வினைக் கூற்று மேற்குரலுக்கும் கீழ்க்குரலுக்குமாகப் பங்கிடப்படும்போது, அதைச் சொல்பவர் யார் என்ற ஐயம் எழுகிறது. ‘நாம்’ எனப் பாடும் பனுவலுக்கு இவ்வையம் எழுவதில்லை. பங்கு பிரிவதே அதன் இயல்பு.

ஹோல்ஸ்டின் தேர்வு

ஹோல்ஸ்டின் வேதப் பாடல்களை இக்கோணத்தில் நோக்கினால் அவருடைய பகுப்பு கவனத்தை ஈர்க்கிறது. சேர்ந்திசை வரிசைக்கு முன்பு 1907–08இல் அவர் தனிக்குரலுக்கும் பியானோவுக்குமாக ஒன்பது வேதப் பாடல்களை அமைத்திருந்தார். அவற்றுள் வருணனை நோக்கிய இரண்டாம் பாடல் ரிக் வேதம் 7.89ஐத் தழுவியது. மண்வீட்டை அடையும் நிலை தனக்கு வாராதிருக்க வேண்டும் என்றும், நீரின் நடுவே நின்றும் தாகம் தன்னை வாட்டுகிறது என்றும் ஒருவன் மன்றாடும் பாடல் அது. மூலத்திலும் அது தன்மை ஒருமையே. ஹோல்ஸ்ட் அதைத் தனிக்குரலிடம் விட்டார்.

‘அறியப்படாத கடவுளுக்கு’ என்ற பாடல் ரிக் வேதம் 10.121ஐத் தழுவியது. எத்தெய்வத்திற்கு நாங்கள் அவி அளிப்போம் என்ற வினா, கடைசி மந்திரம் ஒழிந்த ஏனைய மந்திரங்களின் ஈறாக அமைவது. அதன் வினைமுற்று தன்மைப் பன்மை. அதைக் கலப்புக் குரல்களுக்கும் பல்லியத்திற்கும் அமைத்தார். நான்காம் தொகுதியில் மனத்தை விளித்து அமைந்த பாடலின் மூலமான 10.58, பிரிந்து சென்ற மனத்தை நாங்கள் திருப்பி அழைக்கிறோம் எனப் பன்மையில் பேசுவது; அது ஆண்குரல் கூட்டத்திற்குச் சென்றது. மூன்றாம் தொகுதியின் ‘வழிச்செல்வோர் பாடல்’ தங்களை நல்வழி நடத்துமாறு பூசனை வேண்டும் பயணிகளின் குரல்.

இப்பகுப்பு விதிவிலக்கற்றது எனக் கூறுவதற்கில்லை. தனிப்பாடல்களுள் பொதுமைக் குரலில் அமைந்தவையும் உண்டு. ஆயினும் தனிமனித மன்றாட்டின் உச்சத்தைத் தனிக்குரலுக்கும், சடங்கின் கூட்டுவினாவைச் சேர்ந்திசைக்கும் அவர் அளித்திருப்பது தற்செயலாகத் தோன்றவில்லை. இதே ஹோல்ஸ்ட் காளிதாசரின் மேகதூதத்தைத் தழுவி ‘மேகத் தூதன்’ என்னும் படைப்பைச் சேர்ந்திசைக்கும் பல்லியத்திற்குமாக அமைத்தார். 1913இல் இலண்டன் குயின்ஸ் ஹாலில் அரங்கேறிய அது வரவேற்பைப் பெறவில்லை. அது ஹோல்ஸ்டுக்கும் பெரும் ஏமாற்றமாக முடிந்தது. தோல்விக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் பிரிவுற்ற ஒரு யட்சனின் தனிப்புலம்பலைப் பெருங்குழுவிடம் ஒப்படைத்ததில் உள்ள இடர்ப்பாடு இக்கட்டுரையின் வினாவோடு நேரே தொடர்புடையது.

ஆறு பாடல்கள்: இட இலக்கண நோக்கு

2005இல் தமிழ் மையத்தின் முயற்சியில், புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவின் பங்கேற்போடு வெளிவந்த இளையராஜாவின் திருவாசகம் ஆறு பாடல்களைக் கொண்டது. 51 பதிகங்களுள் எவற்றை அவர் தேர்ந்தார் என்பதே ஒரு திறனாய்வுச் செயல். அவற்றைத் தன்மை இடத்தின் அடிப்படையில் மூவகையாகப் பகுக்கலாம்.

முதலாவது, பன்மையில் இயங்குவன. ‘பூவார் சென்னி மன்னன்’ யாத்திரைப் பத்தின் தொடக்கப் பாடல். இங்கே அடியார்கள் தம்மைச் ‘சிறியோம்’ என்கின்றனர். ‘ஒருப்படுமின்’ என ஏவுகின்றனர். ‘போவோம்’ என எழுகின்றனர். ஒன்றுபடுங்கள் என்னும் ஏவல் ஒரு சேர்ந்திசைக் குழுவிற்கு அளிக்கும் கட்டளை போன்றே அமைந்திருக்கிறது. ஹோல்ஸ்டின் வழிச்செல்வோர் பாடலோடு இதை ஒப்பிடலாம். வேதப் பயணிகள் வழியின் இடையூறு நீங்க வேண்டுகின்றனர். திருவாசகப் பயணிகளுக்கு வழி குறித்த அச்சம் இல்லை, காலம் வந்துவிட்டது என்ற விரைவே உண்டு. ‘முத்துநற்றாமம்’ திருப்பொற்சுண்ணத்தின் முதற்பாடல். மகளிர் கூடி நறுமணப் பொடி இடிக்கும் தொழிற்பாடல் வடிவம் அது. ‘இடித்தும்’ என்னும் தன்மைப் பன்மை வினைமுற்றும் ‘நாமே’ என்னும் ஈறும் பாடுவோர் பலர் என்பதை இலக்கணத்தாலேயே நிறுவுகின்றன. உலக்கைகள் மாறிமாறி விழுவதுபோல் குரல்கள் மாறிமாறி நுழைய இப்பாடல் இடம் தருகிறது. பல்குரல் அமைப்பு இங்கு பனுவலுக்கு வெளியிலிருந்து வந்த அணி அன்று. பனுவல் காட்டும் தொழிலின் ஒலிவடிவம்.

இரண்டாவது, ஒருமையில் இயங்குவன. ‘உம்பர்கட்கரசே’ பிடித்த பத்தைச் சேர்ந்தது. இறைவனை இறுகப் பற்றிக்கொண்டேன், இனி நீ எங்கே செல்வாய் என்னும் பொருளில் ஒவ்வொரு பாடலும் முடிகிறது. ‘பிடித்தேன்’ என்னும் வினைமுற்றில் ஒரு கை, ஒரு பற்று. பாட்டின் ஈறு திரும்பத் திரும்ப வருவதால் குழு அதை ஏந்திப் பாடுவது எளிது. எளிது என்பதே இங்குள்ள ஆபத்து. ஒத்திசைவில் விரிந்த பெருங்குழு அவ்வீற்றைப் பாடினால் அடியவனின் பிடிவாதம் வெற்றி முழக்கமாகத் திரிந்துவிடும். முற்றோதலில் போல் ஒருமெட்டில் பாடினால் பொருள் சிதையாது. ‘பூவேறு கோனும்’ திருக்கோத்தும்பியின் தொடக்கம். தும்பியை விளித்து இறைவன் திருவடியில் சென்று ஊதுமாறு ஒருத்தி கூறும் அப்பாடலில் கேட்போர் கூட்டம் இல்லை. ஒரு பெண்ணும் ஒரு தும்பியும் மட்டுமே உள்ளனர். மேகத்தைத் தூதாக்கியவனுக்கும் தும்பியை ஏவுபவளுக்கும் இசையமைப்பாளர் எதிர்கொள்ளும் சிக்கல் ஒன்றே.

மூன்றாவது, ஒருமைக்கும் பன்மைக்கும் இடையே நகர்வன. இவையே திறனாய்வுக்கு மிகுந்த பயன் தருவன. ‘புற்றில்வாழ் அரவும் அஞ்சேன்’ அச்சப்பத்தின் தொடக்கம். பாடல் முழுதும் ‘அஞ்சேன்’ என்னும் தன்மை ஒருமை எதிர்மறை அடுக்கி வருகிறது. ஈற்றிலோ ‘நாம்’ அஞ்சுமாறு எனப் பன்மை வந்துவிடுகிறது. அஞ்சாமை தனிமனிதனுக்கு உரியது. அச்சம் கூட்டத்திற்கு உரியது. இந்நகர்வை மணிவாசகர் பாடல்தோறும் மீளமீள நிகழ்த்துகிறார். தனிக்குரல் தொடங்கக் குழு ஈற்றில் இணைவது என்னும் அமைப்பைப் பனுவலே வகுத்துத் தந்திருக்கிறது.

‘பொல்லா வினையேன்’ சிவபுராணத்தின் இடையிலிருந்து எடுக்கப்பட்ட தொடக்கம். சிவபுராணம் ‘வாழ்க’, ‘வெல்க’, ‘போற்றி’ என யார்க்கும் பொதுவான வாழ்த்துச் சொற்களில் தொடங்குவது. அவை இயல்பாகவே கூட்டத்தின் வாய்க்கு உரியவை. அவ்வாயிலைத் தவிர்த்து, தன் இழிவை உணரும் ஒருவனின் சொல்லை இசைப்படைப்பின் வாயிலாக்கியது இளையராஜாவின் துணிவான முடிவு. அப்பாடலை அவருடைய தனிக்குரல் தாங்கிச் செல்வதும், ஸ்டீபன் ஸ்வார்ட்ஸ் எழுதிய ஆங்கில வரிகளும் தன்மை ஒருமையைக் கைவிடாதிருப்பதும் பனுவலுக்கு நேர்மையானவை. தொடர்ந்து வரும் பிறவிப் பட்டியலில் புல், பூடு, புழு, மரம் என ஓருயிர் பல உடல்களில் நுழைகிறது. ‘நான்’ என்பதே இங்கு பலவாகிவிடுகிறது. தன்மை ஒருமைப் பாடலில் பல்குரலும் பல்லியமும் பெருகி எழுவதற்கு உள்நியாயம் உண்டென்றால் அது இவ்விடத்தில்தான். ஆனால் அப்பட்டியல் ‘இளைத்தேன்’ என்னும் களைப்பில் முடிகிறது. பிறவிகளைப் பல்லியம் சொல்லலாம். களைப்பை ஒரு குரல்தான் சொல்லவேண்டும்.

சொல்லின் செவிப்புலன்

இட இலக்கணத்தோடு ஒலியிலக்கணமும் கருதத்தக்கது. தமிழில் குறில் நெடில் வேறுபாடு பொருள் வேறுபாடு. எதுகையும் மோனையும் அடிகளின் குறித்த இடங்களில் விழுந்து செவியை வழிநடத்துகின்றன. குரல்கள் வெவ்வேறு நேரத்தில் நுழையும்போது எதுகை தன் இடத்தை இழக்கிறது. நீண்ட சுரத்தில் நிறுத்தப்படும் குறில் நெடிலாகக் கேட்கிறது. ஹோல்ஸ்ட் தாமே ஆக்கிய ஆங்கில வரிகளை இசைக்கேற்ப மாற்றிக்கொள்ளும் உரிமை பெற்றிருந்தார். திருவாசகத்திற்கு இசையமைப்பவருக்கு அவ்வுரிமை இல்லை; ஒவ்வோர் எழுத்தும் ஓதுவார் வாயிலும் முற்றோதுவோர் நெஞ்சிலும் நிலைபெற்றது. கோயில் முற்றம் போன்ற திறந்த வெளியில் ஒலிபெருக்கியின் வழியே கேட்கும்போது இச்சிக்கல் மேலும் கூடுகிறது. எனவே திருவாசகச் சேர்ந்திசையை மதிப்பிடுவோர் ‘ஒலி பெரிதாக இருந்ததா’ என்பதை விட ‘சொல் கேட்டதா’ என்பதை முதலில் கேட்கவேண்டும்.

முடிவுரை

கங்கைகொண்ட சோழபுர நிகழ்வு, சேர்ந்திசை தமிழ்ப் பனுவலுக்குப் பொருந்துமா என்ற பழைய வினாவை, எப்பனுவலுக்கு எவ்வகைச் சேர்ந்திசை பொருந்தும் என்னும் புதிய வினாவாக மாற்றியமைக்க வாய்ப்பளிக்கிறது. இக்கட்டுரை மூன்று முடிவுகளை முன்வைக்கிறது.

முதலாவதாக, பன்மையில் அமைந்த பாடல்கள் பல்குரல் ஒத்திசைவை இயல்பாக ஏற்கின்றன. திருவெம்பாவை, திருவம்மானை, திருச்சாழல், திருப்பொன்னூசல் போன்ற மகளிர் கூட்டுப்பாடல்கள் இவ்வகையில் இன்னும் விரிவாகக் கையாளத்தக்கவை. சாழலில் ஒருத்தி வினவ மற்றொருத்தி விடையிறுப்பது இரு குழுக்கள் எதிரெதிர் நின்று பாடுவதற்கான ஆயத்த அமைப்பு. இரண்டாவதாக, ஒருமைப் பாடல்களைத் தனிக்குரலிலோ ஒருமெட்டுக் கூட்டிசையிலோ நிறுத்துவதே தகும். பல்லியம் அக்குரலைச் சூழலாம். அதன் இடத்தைக் கொள்ளக் கூடாது. மூன்றாவதாக, ஒருமையிலிருந்து பன்மைக்கு நகரும் பாடல்களில் அந்நகர்வின் இடத்தைக் கண்டறிவதே இசையமைப்பாளரின் தலையாய பணி. அவ்விடம் சரியாக அமைந்ததா எனச் சோதிப்பது திறனாய்வாளரின் பணி.

இவ்வளவுகோலின்படி இளையராஜாவின் தேர்வு பெரிதும் பனுவலறிவு உடையது என்றே கூறவேண்டும். ஒருமையும் பன்மையும் இடைநிலையும் என மூவகையிலும் இவ்விரண்டு பாடல்களாக அமைந்த அத்தேர்வு, திருவாசகத்தை ஒரே அழுகுரலாகக் குறுக்கவில்லை. அதே அளவுகோல், பெருங்குழுவின் ஆற்றலில் மயங்கிப் ‘பிடித்தேன்’ என்னும் சொல்லை முழக்கமாக்கும் எதிர்கால முயற்சிகளை எச்சரிக்கவும் பயன்படும். பல்கலைக்கழக இசைத்துறைகளும் தமிழ்த்துறைகளும் இணைந்து, எட்டாம் திருமுறையின் 51 பதிகங்களையும் இட இலக்கண நோக்கில் வகைப்படுத்தி, சேர்ந்திசைக்கு உரியவற்றை இனங்காணும் பணியை மேற்கொள்ளலாம். 48 பிடாரர்களைக் கல்வெட்டில் பொறித்த மண்ணில், பலர் கூடிப் பாடும் கலைக்கு ஒரு தமிழ் இலக்கணம் வகுப்பது காலத்தின் தேவை.